கருமணலில் இரும்பு

காஜிமார் தெரு, மதுரை
12 நவம்பர் 1935

அன்பு மாப்பிள்ளை அப்துல் அலீமுக்கு, ஜலீல் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோருக்கும் சுகத்தை ஆண்டவன் கொடுத்திருக்கிறான். மதராஸில் நீங்களும் தங்கச்சி ஆரிபாவும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன கோடையில் வந்தபோது ஒரு சுட்ட மண்குழாயைத் துணியில் சுற்றி, "மச்சான், இதைப் பத்திரமா வச்சிருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனீர்களே, உசிலம்பட்டிப் பக்கம் நல்லகாமன் புஞ்சையில் கிடைத்தது, அது பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு மாதமாக அதை வைத்துத்தான் முதுகு சொறிந்துகொண்டிருக்கிறேன். ஒரு நுனி சொரசொரப்பு. மறு நுனி கண்ணாடி மாதிரி உருகி வழுவழுவென்று இருப்பதால் பிடித்துக்கொள்ளத் தோது. அம்புட்டு சுகம், மாப்பிள்ளை. நேற்று வந்த உங்கள் கடிதத்தில் "இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது, உடனே அனுப்புங்கள்" என்று படித்ததும் கை நின்றுவிட்டது. அரிப்பு நிற்கவில்லை.

வைக்கோல் வைத்துக் கட்டி ரயில் பார்சலில் இன்றே அனுப்பிவிட்டேன். இந்த ஓட்டைக் குழாய்க்கு இம்புட்டு அவசரம் எதற்கு என்று எழுதுங்கள். இரும்புக் கடை வைத்திருந்தாலும் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

உங்கள் மச்சான்
ஜலீல்

*

மதராஸ்
20 நவம்பர் 1935

பிரியமுள்ள மச்சானுக்கு, சலாம். நாங்கள் இருவரும் நலம். ஆரிபா உங்கள் முதுகைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

குழாய் உடையாமல் வந்தது. நீங்கள் பிடித்துக்கொண்ட அந்த வழுவழுப்பான நுனிதான் எனக்கு வேண்டியது. அது தீக்குள் இருந்த நுனி. துருத்தியின் காற்று இந்தக் குழாய் வழியாக உலைக்குள் போயிருக்கிறது. நல்லகாமன் புஞ்சையில் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறதே, அது இரும்பு எடுக்கும்போது மிஞ்சுகிற கிட்டம். பக்கத்துப் புதைகுழியில் இரும்புக் கோடரி. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ராஜாக்களுக்கும் எழுத்துக்கும் முன்பே அங்கே வாழ்ந்த ஜனங்கள் பக்கத்து ஓடையின் கருமணலிலிருந்து தாங்களே இரும்பு செய்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன்.

எங்கள் புதைபொருள் ஆபீஸ் துரை ஒப்பவில்லை. கிட்டம் யாரோ சமீப காலத்துக் கொல்லன் போட்டதாம். கோடரி வடக்கே இருந்து விலைக்கு வந்ததாம். மண் அடுப்பும் ஆட்டுத்தோலும் வைத்துக்கொண்டு அந்தக் காட்டு ஜனங்கள் மணலிலிருந்து இரும்பு எடுத்தார்கள் என்றால் குழந்தைகூட நம்பாது என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகும் கட்டுரைகளை முடிவு செய்கிறார்கள். அதற்குள் அதே புஞ்சை மண்ணில் உலை கட்டி, அதே ஓடைக் கருமணலைப் போட்டு, காட்டுக் கரியில் இரும்பு எடுத்துக் காட்டினால் என் சொல் நிற்கும். இல்லாவிட்டால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டியதுதான். வேறொன்றும் இல்லை. எனக்கு லீவு கிடையாது. நீங்கள் செய்து பார்ப்பீர்களா?

உங்கள் துஆவை நாடும்
அப்துல் அலீம்

*

மதுரை
2 டிசம்பர் 1935

அன்பு மாப்பிள்ளைக்கு, சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உங்களுக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

சிரித்தார்களா? சரி. சனிக்கிழமை ரயிலேறி உசிலம்பட்டி போனேன். நல்லகாமன் நம் கடையில் கலப்பைக் கொழு வாங்க வந்து வந்து எனக்கு உறவாகிப் போனவன். அவன் பெண்சாதி அழகம்மாள் என்னை அண்ணே என்பாள். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

விஷயத்தைச் சொன்னதும் நல்லகாமன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மணல்ல இரும்பா? ஏ மாப்ள, நோன்பு வச்சுத் தலை சுத்துதா ஒனக்கு?"

அழகம்மாள், "அண்ணே, எங்க வீட்டு ஆளு இருவது வருசமா இந்த மண்ணுல கம்பே ஒழுங்கா எடுக்கல. நீங்க இரும்பு எடுக்கப் போறீகளாக்கும்" என்றாள்.

நான் வாதாடவில்லை. கடையிலிருந்து கொண்டுபோன காந்தத்தை ஓடை மணலில் வைத்துத் தூக்கினேன். காந்தத்துக்கு மீசை முளைத்தது. கறுகறுவென்று, கட்டபொம்மு கூத்தில் வருகிற மாதிரி மீசை. நல்லகாமன் உட்கார்ந்தே விட்டான். "ஏய், மணல் எந்திரிச்சு நிக்குதுடி!"

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. கருமணலை அரித்துக் கழுவ அழகம்மாள், கருவேலங்கரி மூட்டம் போட அவன், ஆட்டுத்தோல் துருத்திக்கு நான் என்று பேசி முடித்தோம். கொல்லர் முத்துக்கருப்பனையும் கூப்பிட்டேன். "நான் இரும்பை அடிக்கிறவன். மணலை அடிக்கணும்னா வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். போகட்டும். பித்தளை வார்ப்பவர்களை நான் தினம் பார்க்கிறேன். உருக வேண்டும், ஓட வேண்டும், அச்சில் விழ வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை?

நோன்பு திறக்க அழகம்மாள் கம்மங்கூழ் கொடுத்தாள். மூன்று செம்பு குடித்தேன். பெருநாள் கழிந்ததும் உலை மூட்டுகிறோம். துரையைத் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஜலீல்

*

மதராஸ்
11 டிசம்பர் 1935

அன்புள்ள அண்ணனுக்கு ஆரிபா சலாம். மதனிக்கும் சொல்லவும்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை என்று உங்களுக்கு எழுதினார் அல்லவா? இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்ததும் இவர் எழுந்து, "மார்ச் பதினைந்துக்குள் காட்டாவிட்டால் வேலையை விட்டுப் போகிறேன்" என்று சொல்லிவிட்டார். துரை அதை எழுதி வாங்கிக்கொண்டார். எட்டு வருஷம் பிறர் கட்டுரைக்கு நகல் எடுத்த மனுஷர், அண்ணே. அவர் பேரில் எழுதிய முதல் கட்டுரை இது. தூக்கத்தில்கூட உலை உயரம், குழாய் நீளம் என்று பேசுகிறார்.

நான் எழுதியதைக் காட்டிக்கொள்ள வேண்டாம். உலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி
ஆரிபா

*

மதுரை
8 ஜனவரி 1936

அன்பு மாப்பிள்ளைக்கு, சலாம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

பெருநாள் இந்த வருஷம் ஜோர். பிரியாணியில் உங்கள் மதனி உப்பு மறந்துவிட்டாள். யாருக்கும் சொல்லத் தைரியம் இல்லை. எல்லோரும் ஊறுகாயை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு பிரமாதம் என்றோம். அடுத்த வீட்டுச் சுவர் மழையில் சரிந்தது. பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் என் சாக்குக் கட்டின் மேல். நல்லகாமன் சுகம். அழகம்மாள் சுகம். அவன் காளை என்னை ஒரு தரம் முட்டியது, பெரிதாக ஒன்றும் இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

மதராஸில் குளிர் எப்படி? கம்பளிச் சால்வை வேண்டுமானால் எழுதவும்.

ஜலீல்

*

மதராஸ்
16 ஜனவரி 1936

மச்சானுக்குச் சலாம். நாங்கள் நலம். சால்வை வேண்டாம்.

நாலு பூனைக்குட்டிகளைப் பற்றி எழுதினீர்கள். உப்பைப் பற்றி எழுதினீர்கள். உலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்துல் அலீம்

*

மதுரை
27 ஜனவரி 1936

மாப்பிள்ளைக்கு, சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்.

மூன்று தரம் மூட்டினோம். மூன்றும் தோல்வி. பூனைக்குட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதற்கு மன்னியுங்கள்.

இடுப்பு உயரம் உலை. உமி கலந்த மண். அடியில் இரண்டு குழாய், இரண்டு துருத்தி. ஒரு கூடை கரி, ஒரு சிரட்டை கருமணல் என்று மாற்றி மாற்றிப் போட்டோம். காலையில் ஊத ஆரம்பித்தால் பிற்பகல் வரை. கை கழன்றுவிடும் போல் ஆகிவிட்டது. முதல் தரம் அடி ஓட்டையைத் திறந்ததும் கறுப்பாக, தேன் மாதிரி ஓடி வந்தது. நல்லகாமன் துண்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன், சொல்வதற்கென்ன. ஆறியதும் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கிப் போனது. கிட்டம். அப்புறம் ஓட வேறு ஒன்றும் இல்லை. உலையை இடித்துப் பார்த்தால் அடியில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி, கருகின பணியாரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக. வேலி ஓரம் எறிந்தோம். இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரமும் அதே.

"ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும்ணே" என்று அழகம்மாள் மூன்று கட்டியையும் எடுத்து, முற்றத்து அடுப்புக்குக் கல்லாக வைத்துக்கொண்டாள். அதில் கேலியும் இருந்தது.

இன்னும் கரி இருக்கிறது. யோசனைதான் இல்லை.

ஜலீல்

*

மதராஸ்
5 பிப்ரவரி 1936

அன்பு மச்சானுக்கு, சலாம். உள்ளதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் பட்ட பாட்டுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? இனி ஊத வேண்டாம். உங்கள் தோள்வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி ஆரிபா எழுதச் சொல்கிறாள்.

துரை மார்ச் மூன்றாம் தேதி மதுரைப் பக்கம் சுற்றுப்பயணம் வருகிறார். உசிலம்பட்டியில் உலையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முடியாது என்றால் பிப்ரவரி இருபதுக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். சமயநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஏதும் காலி இருந்தால் விசாரித்து எழுதவும். ஒரு சிநேகிதருக்காகக் கேட்கிறேன்.

அப்துல் அலீம்

*

உசிலம்பட்டி
14 பிப்ரவரி 1936

மாப்பிள்ளை! சலாம், சலாம், இன்னொரு சலாம்! நீங்கள் சுகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் படித்தால் சுகமாகிவிடுவீர்கள். காலையில் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். "எழுதிக் கொடுக்காதே" என்று மட்டும்தான் அதில் சொல்ல முடிந்தது. மிச்சம் இதில்.

நேற்று நல்லகாமனிடம் துருத்தியைத் திரும்ப வாங்கிவரப் போனேன். உங்கள் கடிதம் சட்டைப் பையில். அந்தச் சிநேகிதரைப் பற்றிய வரியை ரயிலில் பத்துத் தரம் படித்தேன். முற்றத்தில் கால் வைத்ததும் அழகம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நல்ல கல்லு குடுத்தீக! முந்தாநா பேஞ்ச மழையில மூணும் செவப்பா வடியுது. என் சட்டியெல்லாம் காவி பூசின மாதிரி ஆகிப்போச்சு."

"கழுவு ஆத்தா" என்றேன். எனக்கு இருந்த மனநிலைக்கு அதுதான் வந்தது.

"கழுவாமயா இருக்கேன்? ஒண்ணு பெருசா இருக்கேன்னு ஒடைக்கப் பாத்தேன். ஒடைய மாட்டேங்குது, நசுங்குது. கல்லு நசுங்குமாண்ணே?"

மாப்பிள்ளை, இருபத்தைந்து வருஷமாக இரும்பு விற்கிறேன். மழையில் கடைச் சரக்கு சிவந்தால் உடனே எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்துவிடுவேன். துரு எனக்குப் பங்காளி மாதிரி, தூரத்திலேயே அடையாளம் தெரியும். அந்த முற்றத்தில் அது மூன்று கல்லிலும் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கிட்டம் அப்படித் துருப்பிடிக்காது. கல்லும் பிடிக்காது. கூழ் கொதித்துக்கொண்டிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஈரச் சாக்கில் அடுப்பையே சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன். "யோவ், கூழு!" என்று அவள் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. அண்ணே என்கிற ஒரு மரியாதையும் நேற்றோடு போனது.

முத்துக்கருப்பன் முதலில் தொட மாட்டேன் என்றார். "கிட்டத்தைக் கொண்டாந்து உலையில போடச் சொல்றீக." நல்லகாமன் கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றான். சரி என்று ஒரு கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, பட்டடைக் கல்லில் வைத்து ஓங்கி ஒன்று போட்டார். கசடு பொரிப் பொரியாகத் தெறித்தது. இன்னொன்று போட்டார். திரும்பக் காய்ச்சினார், மடித்தார், அடித்தார். அப்புறம் கை நின்றது. முகம் மாறிப்போனது.

"இது இழுபடுதுய்யா" என்றார். அடிக்க அடிக்க நீண்டது, இரும்புதான். நல்லகாமன் அழுதான். புகை என்று சொல்லிக்கொண்டான்.

இரும்பு ஓடவே ஓடாது, மாப்பிள்ளை! நம் ஊர் மண் உலையின் சூட்டுக்கு ஓடுவது கசடு மட்டும். இரும்பு அடியில் கட்டியாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பித்தளையைப் பார்த்துப் பழகின என் கண்தான் மோசம் செய்தது. மூன்று தரமும் ஜெயித்து, மூன்று தரமும் ஜெயத்தைத் தூக்கி வேலியில் எறிந்திருக்கிறேன். முதன்முதலில் இதைச் செய்தவனும் என்னை மாதிரிதான் எறிந்திருப்பான். அவன் வீட்டிலும் ஒரு அழகம்மாள் இருந்திருக்கிறாள்.

துரையை வரச் சொல்லுங்கள். உங்கள் சிநேகிதருக்கு ஒரு செய்தி: சமயநல்லூரில் வேலை காலி இல்லை. இருந்தாலும் கிடையாது.

ஜலீல்

*

மதுரை
7 மார்ச் 1936

அன்பு மாப்பிள்ளைக்கு, பெருநாள் சலாம். எல்லோரும் சுகம்.

துரை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். தமிழ் கொஞ்சம் வருகிறது. மண்ணைத் தொட்டார், மணலைத் தொட்டார், நாங்கள் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறோமா என்று உலைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அழகம்மாள், "உள்ள போயி நல்லாப் பாருங்க தொரை, நாங்க அப்புறமா மூட்டிக்கிறோம்" என்றாள். நல்ல வேளை, அவருக்கு அம்புட்டு தமிழ் வராது.

நானும் நல்லகாமனும் மாறி மாறி ஊதினோம். பொழுது சாய ஆரம்பித்ததும் அடி ஓட்டையைத் திறந்தோம். கசடு ஓடியது. துரை உதட்டைப் பிதுக்கி, "கிட்டம்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் உலையை இடித்தேன். முத்துக்கருப்பன் இடுக்கியால் கட்டியைப் பிடித்துத் தூக்கினார், சிவப்புப் பூசணிக்காய் மாதிரி. முதல் அடியில் ஒரு பக்கம் உதிர்ந்தது. "நொறுங்குகிறது" என்றார் துரை. என் நெஞ்சும் அப்படித்தான் செய்தது.

முத்துக்கருப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. மணலை அடிக்க மாட்டேன் என்ற அதே மனுஷர்! "அழுக்கு போகுது தொரை. குளிச்சா அழுக்கு போகாதா? பொறுங்க."

துரை பொறுத்தார். முத்துக்கருப்பன் காய்ச்சி, மடித்து, அடித்து, திரும்பக் காய்ச்சி, ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி இழுத்து, தண்ணீரில் முக்கி, கல்லில் தீட்டித் துரை கையில் கொடுத்தார். துரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மொட்டைப் பென்சிலை எடுத்தார். அந்தக் கத்தியாலேயே சீவினார். சுருள் சுருளாக விழுந்தது, மாப்பிள்ளை. காலையில் ஓடையில் கிடந்த மணல், சாயங்காலம் பென்சில் சீவுகிறது!

"அலீம் சொன்னது சரி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே. நல்லகாமன் குலவை போடச் சொன்னான். பெண்கள் போட்ட குலவையில் துரையின் குதிரை மிரண்டு ஒரு பர்லாங்கு ஓடியது.

கத்தியை அவரே கொண்டுபோகிறார். உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

ஜலீல்

*

மதராஸ்
18 மார்ச் 1936

என் அன்பு மச்சானுக்கு, சலாம். நலம். இதைவிட நலமாக நான் இருந்ததில்லை.

பதினைந்தாம் தேதி கூட்டத்தில் துரை எழுந்து, நான் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை எல்லோர் முன்னாலும் கிழித்தார். அது என்ன காகிதம் என்று உங்களுக்குத் தெரியாது; தெரியும் என்கிறாள் ஆரிபா. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கட்டுரையை என் வாயாலேயே வாசிக்கச் சொன்னார். கத்தி மேஜை மேல் இருந்தது. அன்று சிரித்தவர்கள் வரிசையாக வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அச்சில் என் பெயர் வருகிறது. நல்லகாமன், அழகம்மாள், முத்துக்கருப்பன், உங்கள் பெயர்களும் வருகின்றன. அடுப்புக் கல்லைப் பற்றிய பத்தியை ஒரு சொல்லும் குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். துரை கொண்டுவந்தவற்றில் பெரிய முதுமக்கள் தாழி ஒன்றும் இருக்கிறது. பதிவேட்டில் தம் கையால், "உடைந்த நிலையில் கிடைத்தது, பதினான்கு துண்டுகள்" என்று எழுதியிருக்கிறார். விளிம்புகளைப் பார்த்தால் புதிதாக உடைந்த மாதிரி இருக்கிறது. அது எங்கே, எப்படிக் கிடைத்தது?

அப்துல் அலீம்

*

மதுரை
27 மார்ச் 1936

அன்பு மாப்பிள்ளைக்கு, சலாம். உங்கள் கடிதத்தைத் தெருவில் ஆறு வீட்டில் படித்துக் காட்டினேன். உசிலம்பட்டியில் நல்லகாமன் பதினோரு வீட்டில் படிக்க வைத்தான். அழகம்மாள் தன் பெயர் அச்சில் வரும் இடத்தைக் காட்டச் சொல்லி இப்போதே நச்சரிக்கிறாள். ஆரிபாவுக்கு என் துஆ. மதனி உங்கள் இருவரையும் கோடைக்கு வரச் சொல்கிறாள்.

தாழி விஷயம். துரைக்குப் பந்தல் போட நல்லகாமன் முதல் நாள் கால் குழி தோண்டினான். அப்போது கிடைத்தது. முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பத்திரமாகத் தூக்கி, நிழலில் கவிழ்த்து வைத்து, வெயில் படாமல் கோணி போர்த்திவிட்டோம். மறுநாள் பென்சிலைச் சீவி முடித்ததும் துரை எழுதுவதற்கு உட்கார இடம் தேடினார். கோணி போட்டிருந்ததைப் பார்த்து அதில் உட்கார்ந்தார். அவருக்கு அடி ஏதும் இல்லை. துண்டுகளை எண்ணியதும் அவர்தான்.

ஜலீல்